மூக்கனேரியில் ஒரு திருத்தம்

பட்டியலில் முதல் சில வரி சுலபம்.
அரிவாளை முகத்தில் மாட்டிக்கொண்டு
சேற்றை அறுப்பது அரிவாள்மூக்கன்.
தண்ணீரைத் துழாவித் துழாவி
உப்புப் பார்ப்பது கரண்டிவாயன்.
மீன்கொத்திக்கு
உடம்பே அலகுக்கு எழுதிய பின்குறிப்பு.

பல்செட் செய்வது என் தொழில்,
ஐந்து ரோட்டில், மாடியில்.
மாவில் பதிந்து வரும் தாடையைத் திருப்பிப் பார்த்து
நூல் கடிப்பவரா, கொட்டைப்பாக்கு உடைப்பவரா,
தூக்கத்தில் நறநறப்பவரா,
முகம் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

அந்தத் திமிரில்தான் எழுதினேன்:
"ஏதோ நாரை. நத்தைகுத்தி இல்லை."
அலகு சுத்தமாக மூடியிருந்தது.
நத்தைகுத்திக்கு நடுவில் சந்து இருக்கும்,
புத்தகத்தில் படமே உண்டு.

குணவதி பைனாகுலரை இறக்கவில்லை.
"இந்த வருசக் குஞ்சுங்க அது.
சந்து வயசுலதான் விழும்."

சேர்வராயன் தோளில் மேகம்
இடம் மாறி உட்கார்ந்தது.
தீவு ஓரம் பெரியது ஒன்று,
வாயை மூடியும் வெளிச்சம் தெரிய,
ஓட்டைவிட்டு நத்தையை உருவிப் போட்டது.
பக்கத்தில் சின்னது
அதே சாய்வில் தலை சாய்த்து,
அதே கறுப்பு இறகோரம் நனைய,
நெடுநேரம் தேடி
ஒரு புல்லை எடுத்தது.

தேய்மானத்தைப் படித்தே சம்பாதிக்கிறவன்,
இன்னும் தேயாததைப் பார்த்து
வேற்றுக் குடும்பம் என்றிருக்கிறேன்.

ரப்பர் கொண்டுவரவில்லை.
அடித்துவிட்டு, பக்கத்தில் நெருக்கி எழுதினேன்:
நத்தைகுத்தி நாரை,
எட்டு இல்லை, ஒன்பது.