பதினொன்று புள்ளி நான்கு

காலை எட்டரைக்கு
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கம்பிவேலிக்குள்
நிற்கிற மழைமானியிடம் போவேன்.
புனலைக் கழற்றி, கண்ணாடிக் குவளையில் ஊற்றி,
நீர்மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் படிக்கவேண்டும்.
நின்றுகொண்டு படித்தால் மழை கூடிப்போகும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.

ஐப்பசி முழுக்கப் படித்தது பூஜ்யம்.
கார்த்திகையில் இரண்டு நாள் தூறல்,
மற்றதெல்லாம் பூஜ்யம்.
பூஜ்யத்தையும் அனுப்பியாகவேண்டும்.
மன்னவனூர் ரோட்டில் மூன்றாவது வளைவில்தான் சிக்னல்.
ஒன்றுமில்லை என்று சொல்ல
தினமும் ஒரு கிலோமீட்டர் நடந்தவள் நான்.

திண்டுக்கல்லிலிருந்து நிறம் திரும்பி வரும்.
ரேஷன் கடைச் சுவரில் பலகை;
நானேதான் பெயின்ட் அடிப்பேன்.
மஞ்சளுக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆரஞ்சுக்கு, "செவ்வந்தி கணக்கா நல்லாருக்கு" என்றார்கள்.
சிவப்பு வந்தால் ஓடையில் மோட்டார் கூடாது.
ஊர்க்கூட்டத் தீர்மானம் அது,
ஆடிச் சாரலில் குடைபிடித்தபடி எழுதியது.
மழையில் எழுதுகிற தீர்மானத்துக்கு
எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

மார்கழி ஐந்தாம் நாள்.
சிவப்புக்கு இன்னும் மூன்று பூஜ்யம் பாக்கி.
புல்லில் உறைபனி, மிதித்தால் நொறுங்கியது.
குவளையில்
பதினொன்று புள்ளி நான்கு.

திரும்ப ஊற்றினேன். பதினொன்று புள்ளி நான்கு.
தகரக் கூரைக்குக் கேட்காத மழை,
படியில் காயப்போட்ட சாக்கை நனைக்காத மழை,
ஒரு சோற்றுத்தட்டு அகலத்துக்கு மட்டும் பெய்திருந்தது.
வானம் திறந்துகிடந்தால்தானே புல் வெளுக்கும்?
உறைபனி ராத்திரியில் மழை ஏது?
நீரில் மிதந்தது ஒரு பூண்டுத்தோல்,
ஓரத்தில் ஊதா.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு டம்ளர்தான்.
மாவட்டத்தையே ஏமாற்ற
ஒரு டம்ளர் போதும்.

மேல்காட்டில் பூண்டு ஊன்றியிருப்பது குழந்தைவேல் அண்ணன்.
பொதிக்குதிரை இரண்டையும் விற்ற பணம் மண்ணுக்குள் கிடக்கிறது.
மஞ்சள் அடித்த அன்றைக்கே சொன்னேன்,
"இந்தப் போகம் வேணாம்ண்ணே, பட்டாணி போடுங்க."
"உன் குவளைக்கு என் கடன் தெரியுமா?" என்றார்.
தெரியாது. அதில் மில்லிமீட்டர் கோடுதான் இருக்கிறது.
இருட்டில் வேலி தாண்டி வந்து
உண்டியலில் போடுவதுபோல்
மெதுவாக ஊற்றியிருப்பார்.

பதினொன்று புள்ளி நான்கை அனுப்பினால்
பலகை மஞ்சளுக்குத் திரும்பும்.
அவர் மோட்டார் இன்னும் இருபது நாள் ஓடும்,
பூண்டு தலைகட்டிவிடும்.
ஓடை கீழ்த்தெருவுக்கு வராது.
கீழ்த்தெருவில் நாற்பது வீடு. ஒன்று என்னுடையது.
அதனால்தான் நேர்மையோ என்று
வளைவு வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டு போனேன்.

தட்டினேன்: 0.0
குறிப்பில்: பாத்திரத்தில் வேறு நீர்.

மாலையில் போன் வந்தது, யாரென்று கேட்டு.
"காட்டுமாடு தும்மியிருக்கும் சார்."
அவர் சிரிக்கவில்லை.
பூட்டு ஒன்று அனுப்புவதாகச் சொன்னார்.

ரேஷன் கடையில் பாமாயில் வாங்க வந்தவர்
வரிசையில் எனக்குப் பின்னால் நின்று கேட்டார்:
"நேத்து ராத்திரி எவ்வளவும்மா?"
"ஒரு பூண்டுத்தோல்."
பாட்டில் மூடியைத் திறந்தார், மூடினார்,
மறுபடி திறந்தார்.

மூன்றாம் நாள் சிவப்பு அடித்தேன்.
குளிரில் பெயின்ட் இறுகி, பிரஷ் இழுபட்டது.
பள்ளிப் பிள்ளைகள் வந்து தொட்டுப்பார்த்து
விரலை மூக்கில் தடவிக்கொண்டு ஓடினார்கள்.

அன்று இரவு படுத்தபடி எண்ணினேன்.
ஓடையில் எட்டு மோட்டார்.
ஏழு பேசவில்லை.
மேல்காட்டுப் பக்கம் ஒன்று மட்டும்
இருமிக்கொண்டே இருந்தது, இரண்டு மணி வரை.
பிறகு நின்றது.
அவர் நிறுத்தினாரா,
உறிஞ்ச ஒன்றும் இல்லாமல் அதுவாக நின்றதா?

நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
விடிந்ததும் போய்ப் பார்க்கவேண்டும்,
எட்டரைக்கு மானியை,
அதற்கு முன்னால் ஓடையை.