ஒரு பேட்ச் பூ

வீட்டைக் கிழக்கால கட்டியது பிழை.
ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்
பல்லடம் வரைக்கும் வாயைத் திறந்து ஊதும்.
ஊதுகிற காற்று முதலில் ஷெட்டுக்குள் நுழைந்து
ஐயாயிரம் கோழிகளையும் விசாரித்துவிட்டு
அப்புறம்தான் என் சமையலறைக்கு வரும்.

ஊதுபத்தி எட்டவில்லை, பினாயிலும் தோற்றது.
பூவைக் காயவைத்துப் பார்க்கிறேன் என்றேன்.
"பூவுக்கு மூட்டை எத்தன தீவனமாமா?"
எடைக் கணக்கு நோட்டுக்குள் சிரித்தார் மாரப்பன்.

குஞ்சு வண்டி வந்த அன்றைக்கே தொடங்கினேன்.
பனி உலர்ந்து வெயில் ஏறுமுன் பறித்த பன்னீர் ரோஜா.
சம்பங்கி இரண்டே நாளில்
பீடித்துண்டாய்க் கறுத்தது, எறிந்தேன்.
மருக்கொழுந்து மட்டும்
காயக் காய வாயாடியது.

தீவனச் சாக்கைப் பிரித்து விரித்து
மேலே வலை, நாலு மூலைக்கும் கல்.
அப்படியும் காற்று ஒரு கை அள்ளிப்போய்
குஞ்சுகள் நடுவே போட்டது.
கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பின.

கழுவிக் கழுவியும் மாங்காயை மறக்காத
ஊறுகாய் பாட்டிலில்
கல் உப்பு, இதழ், மறுபடி உப்பு,
எலுமிச்சைத் தோல், தட்டிய கிராம்பு,
கத்தரியில் நறுக்கிய வெட்டிவேர்.
மூடி இறுக்கி நாள் குறித்தேன்:
கோழிக்கும் நாற்பது, இதற்கும் நாற்பது.

விடிந்தால் செத்ததைப் பொறுக்கிப் புதைத்து
கை கழுவி வந்து பாட்டிலைக் குலுக்குவேன்.
வேறு பூசை கிடையாது எனக்கு.

நாற்பதாம் ராத்திரி லாரி வந்தது.
விளக்கை அணைத்து
இருட்டில் காலைப் பிடித்துத் தூக்கிக்
கூண்டில் அடைத்தார்கள் ஐந்து பேர்.
நாலு மணிக்கு ஷெட்டில்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

தண்ணீர்த் தொட்டியோரம் செங்கோடன்
கை தேய்த்துக்கொண்டே இருந்தான்.
"மூணாந்தடவ சோப்புப் போடறனுங்க்கா.
பொறந்து பதினோரு நாளாச்சு.
நாந் தூக்குனா மூஞ்சியத் திருப்பிக்குது."

ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.
பாட்டிலைத் திறந்து
அவன் இரண்டு கையிலும் கொட்டினேன்.
புகையிலை கசக்குகிற மாதிரி கசக்கினான்.
கோழி கீறிய கோடுகளில் உப்பு எரிந்திருக்கும்,
ஸ்ஸ் என்றான்.
நிறுத்தவில்லை.

மற்ற நாலு பேரும் பேசாமல்
பின்னால் வந்து நின்றார்கள்.

இப்போது பாட்டிலின் அடியில்
அரை விரல் தூள், ஒரு வெள்ளை இறகு.
அது எப்படி உள்ளே போனதோ.
சமையலறையில் அதே காற்று.
மாரப்பன் மூக்கை உறிஞ்சி
என்னைப் பார்த்து, ஒன்றும் கேட்கவில்லை.

ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து
பதினைந்து நாள் ஆறப்போட வேண்டும்.
ரோஜாவில் ஒன்பது மொட்டு.
அடுத்த லாரி வரும்போது
அந்தக் குழந்தைக்குத் தலை நின்றிருக்கும்.

இந்தத் தடவை
உப்பைக் குறைக்க வேண்டும்.