ஏழாம் பிரிவு

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
முல்லைத்தீவுக்கு வருகிற சட்டத்தரணி
பைலைத் திறக்க முதல் மின்விசிறியை நிறுத்தினா.
தாள் பறக்குமாம்.
காற்று நின்றதும் எங்கள் இருவரிடமும் மீன் மணந்தது.
தவமலர் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள்,
மணம் அதற்குள் அடங்கிவிடும் என்பதுபோல.

"என்ன தொழில்?"
ஐஸ், என்றேன்.
விடிய மூன்று மணிக்கு வவுனியா லொறி வரும்,
வரும் என்று சொல்லுவார்கள்.
வந்தால் அவன் சொன்னதே விலை.
வராத நாளில் சூடை முழுக்கக் கருவாடு.
எங்களுக்கென்று ஒரு மெஷின், ஒரு தண்ணீர்த் தாங்கி,
மூன்று பேஸ் கரண்ட்.
அவ்வளவுதான் மிஸ்.

"காணி ஆருடையது?"
தவமலர் பொலித்தீன் பைக்குள்ளிருந்து
இன்னொரு பொலித்தீன் பையை எடுத்து
அதற்குள்ளிருந்து தாளை எடுத்தாள்.
சட்டத்தரணி பின்பக்கத்தையும் பார்த்தா.
"இது உறுதி இல்லை."
இவளுக்கு முகம் இறங்கிப் போயிற்று.
"அனுமதிப்பத்திரம். உறுதி வேற, இது வேற.
பிரதேச செயலாளர் கடிதம் தராமல்
தொழிலுக்கெண்டு ஒரு கல்லும் வைக்கேலாது."
உறுதி இல்லாத நிலத்தில்தான்
அவள் கிணறு வெட்டினாள்.
நல்ல தண்ணீர். அதை நம்பித்தான் ஐஸ்.

"பங்கு எப்படி?"
பாதி பாதி, என்றோம் ஒரே வாயாய்.
ஒரு பங்கருக்குள் ஒரு பால்மாப் பையை
போத்தல் மூடியால் அளந்து
பதினொரு நாள் பிரித்தவர்கள் நாங்கள்.
அதை அவவிடம் சொல்லவில்லை.
அவ கேட்டது வேறு:
காசு ஆர்? நான், நகையும் சீட்டும்.
காணி ஆர்? அவள்.
இரவில் மெஷினுக்குப் பக்கத்தில் படுப்பது ஆர்?
பழுதானால் திருகோணமலைக்குப் போவது ஆர்?
கடன் கேட்டு வாற சம்மாட்டிக்கு
இல்லை எண்டு சொல்லுறது ஆர்?

தவமலர் என்னைப் பார்த்தாள்.
உனக்குச் சொல்ல வராது, என்றாள்.
உனக்குக் கணக்கு வராது, என்றேன்.
பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று,
இரண்டு வருஷத்துக்கு முந்திய தராசு ஒன்று,
அவளுடைய தம்பிக்கு நான் கொடுத்து வராத இருபதாயிரம்.
அடுத்த அறையில் தட்டச்சு நின்றுவிட்டது.

சட்டத்தரணி தேத்தண்ணியை ஊதிக் குடித்தா.
"நல்லாச் சண்டை பிடியுங்கோ.
இஞ்ச பிடிச்சால் என்ர பீசோட முடியும்.
பிறகு பிடிச்சால் ஆலையோட."

ஐம்பத்தைந்து, நாற்பத்தைந்து.
இரவுக் காவலுக்குத் தனிச் சம்பளம், அது அவளுக்கு.
தராசைப் பற்றி எங்கும் எழுதவில்லை.

ஏழாம் பிரிவு, பிரிவதைப் பற்றியது.
இன்னும் தொடங்கவில்லையே மிஸ், என்றேன்.
"தொடங்கினாப் பிறகு எழுத மனம் வராது" என்று
வாசிக்கத் தொடங்கினா:
பங்காளர் ஒருவர் விலகினால்,
சித்தம் பேதலித்தால்,
இறந்தால்.

"காணாமல் போனால்?" என்றாள் தவமலர்.

பேனை நின்றது.
அந்த அறையில் அதைக் கேட்ட முதல் ஆள்
அவளாக இருக்க முடியாது.
ஆனாலும் ஐஸ் ஆலைக்காகக் கேட்டது அவள்தான்.
"எத்தனை காலம் பார்த்திருக்கிறது எண்டு போட?"
நான் வாயைத் திறக்கவில்லை.
ஒரு கோப்பையை இன்றைக்கும் கவிழ்த்து வைக்காதவள்,
கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாதவள்
மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"ஒரு வருஷம் போடுங்கோ.
மெஷின் நிக்கக் கூடாது."

கையாலேயே எழுதி, ஓரத்தில் எங்களிடம்
சின்னக் கையொப்பம் வாங்கினா.
பதினைந்தாயிரத்தில் பாதி இப்போது,
மீதி பதிவு வந்தபிறகு.
பற்றுச்சீட்டைத் தவமலர்
இரண்டு பைகளுக்குள்ளும் வைத்துச் சுற்றினாள்.

பஸ் வர நேரம் கிடந்தது.
இரண்டு நெல்லி ரசம் வாங்கினோம், அவள் காசில்.
குடித்து முடித்து,
அடியில் கிடந்த கட்டியை விரலால் எடுத்து
வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள்.
"நடுவில வெள்ளை. காத்து நிக்குது.
எங்கட இப்படி இருக்கக் கூடாது" என்று
வாயில் போட்டு
நறுக்கென்று கடித்தாள்.