நான்கு துளை, பன்னிரண்டு மில்லிமீட்டர்

வூச் என்பது ஊர்ப் பெயர். படகு என்று அர்த்தம்.
படகு விட ஆறில்லை,
இருந்த ஆறுகளை மண்ணுக்குள் புதைத்து
மேலே பஞ்சாலை கட்டிவிட்டார்கள்.
அப்படியொரு பழைய ஆலையின் மூன்றாம் மாடியில்
நாற்பது லட்சம் பொத்தான்களுக்கு
நான் கணக்கு.

நவம்பர் கடைசி. நாலு மணிக்கே இருட்டு.
பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குச்
சரக்குப் பட்டியல் குடிபெயர்கிறது.
நான்கு துளை, பன்னிரண்டு மில்லிமீட்டர்:
நான்கு, ஒரு கோடு, பன்னிரண்டு.
இருபது வருஷமாக அதுதான் அதன் பெயர்.
கணினி ஒரு பார்வை பார்த்தது,
டிசம்பர் நான்கு என்று எழுதிக்கொண்டது.

இரண்டு துளை, பதினொன்று
நவம்பர் இரண்டாகிவிட்டது.
கல்லறைகளுக்கு விளக்கு எடுத்துப் போகிற நாள்.
சட்டைக் கழுத்தில் தைக்கிற வெள்ளைப் பொத்தான்,
பாவம், அதற்கு யார் செத்தார்கள்?
கோட்டுப் பொத்தான்களோ மாதங்கள் போதாமல்
ஏதேதோ வருஷங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன.

திருத்தினேன். மாறியது.
அழித்துத் திரும்ப அடித்தேன்.
உதவத்தானே வந்தேன் என்கிற முகத்தோடு
மறுபடி டிசம்பர்.

கேட்காமல் உதவுகிறவர்களை நான் அறிவேன்.
மிரோஸ்வாஃப் அப்படித்தான்.
நான் தொடங்கிய வாக்கியத்தை
அவரே முடித்து வைப்பார், தப்பாக,
பதினாறு வருஷம்.

உதவி எண்ணுக்கு அழைத்தேன்.
நாற்பது நிமிஷம் பியானோ.
பிறகு இரெனேயுஷ் என்றொருவர்.
அணைத்துவிட்டுப் போட்டீர்களா?
போட்டேன்.
பொத்தானை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தீர்களா?
எந்தப் பொத்தான் ஐயா,
இங்கே நாற்பது லட்சம் இருக்கின்றன.
அவர் சிரிக்கவில்லை.
புகார் எண் கொடுத்தார், பதினாறு இலக்கம்.
காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.
கணினியில் அடித்திருந்தால்
அதையும் சுருக்கி நடுவில் ஓர் எழுத்தைச் செருகியிருக்கும்.

அச்சு இயந்திரம் தன் பங்குக்குக்
காகிதம் சிக்கிவிட்டது, சிக்கிவிட்டது என்றது.
வயிற்றைத் திறந்து காட்டினேன், நீயே பார்.
மூடியதும் சமாதானமாயிற்று.
இடது மூடி மட்டும், இரண்டு தடவை.
ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.
பார்கோடு துப்பாக்கிக்குக் குளிர் ஆகாது,
வெந்நீர்க் குழாயின் மேல் பத்து நிமிஷம் படுக்கவைத்தால்
கண் திறக்கும்.

சரக்குச் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்த
லாரிக்காரர் ஓஸ்தாப்
என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.
எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போடுங்கள், என்றார்.
மேலே, ஒற்றையாக, கொசுக்கால் மாதிரி.
போட்டேன்.
நான்கு, கோடு, பன்னிரண்டு.
நின்றது. குறியைக் காணவில்லை,
அதன் வேலை மட்டும் இருந்தது:
எழுதியபடியே விடு, உன் அறிவைக் காட்டாதே.

உங்களுக்கு எப்படித் தெரியும்?
கார்கிவில் ஒரு டயர் கம்பெனியில்
பதினோரு வருஷம் கணக்கு பார்த்தேன், என்றார்.
டயர் அளவுகளும் தேதியாகும்.
அதற்குமேல் அவர் பேசவில்லை,
நானும் அந்த வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை.

ஆறாயிரத்துச் சொச்சம் வரிசை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கொசுக்கால்.
ஒட்டுவதற்கு முன்பே அந்த நிரல் முழுவதையும்
எழுத்து என்று குறித்திருந்தால் போதும் என்பதை
மறுநாள் காலை இரெனேயுஷ் சொன்னார்,
நான் ஐயாயிரத்தைத் தாண்டிய பிறகு.

அன்று சீட்டை நீட்டும்போதுதான் கண்டேன்,
ஓஸ்தாப்பின் மேலங்கியில் நடுப்பொத்தான் இல்லை.
நான்கு துளை, இருபத்தெட்டு, கரும்பழுப்பு.
இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், நூலோடு.

இருப்பில் ஒன்று கழித்தேன்.
காரணம் தேர்ந்தெடு என்றது மென்பொருள்.
விற்றது. உடைந்தது. திரும்பி வந்தது. தொலைந்தது.
வேறு வரி இல்லை,
நானாக எழுத இடமும் இல்லை.

தொலைந்தது என்பதை அழுத்தினேன்.