ஐம்பதில் ஒன்று

வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள்.
முத்தையன்கட்டு, இடதுகரை.
கமநல சேவை அலுவலருக்குப் படம் வேண்டும்,
ரொறன்ரோவில் இருக்கும் குகதாசனுக்கு வீடியோ வேண்டும்.
இரண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் பேசியாச்சு.
பற்றறி மூன்று.

காலை வெளிச்சம் வீடியோவுக்கு.
செக்கனுக்கு இருபத்தைந்து சட்டகம்,
ஷட்டர் அதன் இரட்டிப்பு: ஐம்பதில் ஒன்று.
அந்த மெதுவில்தான் வாய்க்கால் தண்ணீர்
தண்ணீராக ஓடும்.
கூட்டினால் கண்ணாடித் துண்டு கொட்டுவதுபோல இருக்கும்.
ஆனால் மழை விட்ட வன்னி வெயிலுக்கு
ஐம்பதில் ஒன்றென்றால்
படம் முழுக்க வெள்ளைக் கடதாசி.
அதனால் லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி,
என்டி பதினாறு. போதவில்லை, முப்பத்திரண்டு.
நகத்தளவுச் சாமான். சேற்றில் விழுந்தால் தேடேலாது.
ஒருக்கால் விழுந்தது, அந்தக் கதை இப்ப வேண்டாம்.

வைட் பலன்சை ஓட்டோவில் விடவில்லை.
ஒரு முகில் கடந்தால்
ஒரே வயல் மூன்று வயலாகிவிடும்.
ஐயாயிரத்து ஐந்நூறில் பூட்டினேன்.

தவமலர் அக்கா வரம்பில் நின்று
அண்ணனுக்குக் கையசைப்பதாக ஏற்பாடு.
மஞ்சள் சட்டை, புதுச் சிவப்புச் செருப்பு.
பத்து மீற்றர் உயரத்தில் அவவை நோக்கி
மெல்லக் கொண்டுவந்தேன்.
கை எழும்பினது.
பாதியில் நின்றது.
பிறகு திரையில் அக்கா இல்லை,
மருதமரம் வரைக்கும் ஒரு மஞ்சள் கீறல்.

இறக்கிவிட்டு ஓடிப்போனேன்.
மரத்தோடு ஒட்டி நின்று சிரித்தா, மூச்சு வாங்க.
“வண்டுச் சத்தம் கேட்டால்
கால் தன்ரபாட்டில போகுது பிள்ளை.
நீர் எடும், எடும்.”
அந்த வருடம் எனக்கு நாலு வயது.
எனக்கு வண்டென்றால்
பூசணிப் பூவுக்குள் இருப்பது.

மெனுவைத் திறந்து பார்த்தேன்.
கூர்மை. நிறச்செறிவு. இரைச்சல் குறைப்பு.
இரைச்சல் என்று அவர்கள் சொல்வது
இருட்டில் விழும் புள்ளிகளை.
விசிறிக்கு அதில் ஒன்றும் இல்லை.

அக்கா வெறுங்காலோடு வீட்டை போனா.
உச்சி வெயில் வரைக்கும் காத்திருந்தேன்,
நட்டஈட்டுப் படத்துக்கு நிழல் கூடாது.
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.
ஐ.எஸ்.ஓ. நூறு, ஷட்டர் ஆயிரத்தில் ஒன்று, றோ.
கமராவை நேரே கீழே குனியவைத்தேன்.
வானம் ஒரு விரற்கடையும் உள்ளே வரக்கூடாது,
வானத்துக்கு அலுவலர் காசு தரமாட்டார்.
நாற்பது மீற்றரில் எடுத்தால்
அழுகின கதிரை எண்ணிக் காட்டலாம்.
நூற்றிருபதுக்கு ஏற்றினேன்.
அங்கேயிருந்து சத்தம் வீடுவரை வராது.

இரவு ஒட்டுசுட்டான் கடையில்
வீடியோவைச் சட்டகம் சட்டகமாகத் தள்ளினேன்.
நாலு செக்கன், நூறு சட்டகம்.
ஒன்றிலும் முகம் இல்லை, மஞ்சள்தான்.
ஆயிரத்தில் ஒன்று வைத்திருந்தால்
முகம் பிடிபட்டிருக்கும்.

வெட்டிவிடத்தான் நினைத்தேன்.
அதற்குள் கேட்டு எழுதினார், முழுதாக அனுப்பினேன்.
“ஏன் தங்கச்சி ஓடுறாள்? பாம்பே?”
ட்ரோன் வீடியோவில் சத்தம் பதியாது.
இவர் தொண்ணூற்றேழில் போனவர்.
ஓம் அண்ணை, சாரை
என்று எழுதினேன். அழித்தேன்.
எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது,
மறுபடி எழுதுகிறார்.
“பாட்டு ஒண்டும் போடாதேங்கோ.
அப்பிடியே இருக்கட்டும்.”

அலுவலருக்கு முப்பத்தெட்டுப் படங்கள்.
இருபத்தொன்றாவதைப் பெரிதாக்கினால்
வரம்பில் சிவப்பாய் இரண்டு புள்ளி.
மென்பொருள் தானாகவே கேட்டது,
இரைச்சலைக் குறைக்கவா?
இல்லை என்று அமத்தினேன்.