முதலாவதாய்ப் போடு

நிஃப்ராஸ் கேட்டது சின்ன விசயம்.
இரத்த ரியூப்புகளைச் சுழலவிட்டுவிட்டு
மெஷின் நிற்கும்வரை
சும்மா இருக்கிற பத்து நிமிசம்.
"மிஸ், இதுவரைக்கும் பார்த்ததில
உங்களுக்குப் பிடிச்ச பத்துப் படம் சொல்லுங்க.
வரிசையா."
கிண்ணியாப் பெடியன். தன்னுடைய பத்தையும்
போனில் எழுதி வைத்திருக்கிறான்,
ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் குத்தி.

எனக்குப் பெயர்கள் நிற்பதில்லை.

ஒரு படத்தில் கடைசி ரீல் முழுக்க மழை.
தியேட்டர்த் தகரத்திலும் அன்றைக்கு மழை.
கதாநாயகன் நனைந்தான்.
முன்வரிசை ஆள் குடையை விரித்தார்.
ஒருவரும் ஏசவில்லை,
எல்லோருக்கும் அது நியாயமாய்த்தான் பட்டது.
அதை எட்டாவதாய்ப் போடு.

சிங்களப் படம் ஒன்று.
தபால்காரன் தன் சைக்கிளைக் குளத்துக்குள் தள்ளிவிட்டு
கரையில் குந்தியிருந்து அழுகிறான்.
ஏனென்று விளங்கவில்லை.
அடுத்தநாள் வார்ட்டில் குமுதுவிடம் கேட்டேன்.
அவள் சொன்ன காரணத்தைவிட
ராத்திரி நானே யோசித்த காரணம் திறம்.
மூன்று.
இல்லை, நாலாய் இருக்கட்டும்.

இன்னொன்று,
வில்லன் கத்தியை ஓங்கின நேரம்
ஜெனரேட்டரில் எண்ணெய் முடிந்துபோனது.
அவன் இன்னும் ஓங்கிக்கொண்டுதான் நிற்கிறான்
முப்பது வருசமாய்,
கை உளையாமல்.

"முதலாவது?" என்றான்.

அப்போது பாலையூற்றில் இருந்தோம்.
ஆறு மணிக்கு ஊரடங்கு.
லாம்பைத் தணித்துவிட்டுப் பாயில் கிடந்தோம்.
பக்கத்தில் பிலோமினாக்கா வீட்டில்
கார் பற்றரியில் ரீவி, வாடகை டெக்,
ஜன்னலுக்குச் சாக்கு.
நடுவில் ஒரு மதிலும்
கால்வைக்க ஏலாத இருபது அடி மணலும்.
அந்தப் படத்தை நான் காதால் பார்த்தேன்.

ஒரு கதவு.
வளையல்.
செம்பில் தண்ணீர் விழுகிற சத்தம்.
ஆண்குரல் ஏதோ கேட்டது, திரும்பக் கேட்டது,
கேட்டுக்கொண்டே நின்றது.
பிறகு அவள் சிரித்தாள்.
மூச்சு முட்ட, விட்டுவிட்டு, நீளமாய்.
அந்த வருசம் எங்கள் ஒழுங்கையில்
எந்தப் பெண்ணும் அப்படிச் சிரித்ததில்லை.

அவளுக்கு நான் முகம் செய்தேன்.
அகன்ற நெற்றி, பல்லில் சின்ன நீக்கல்,
எங்கள் கணக்கு ரீச்சரின் மூக்கு.
சோதினைக்கு அவளோடுதான் போனேன்.
காவலரணில் பையைத் தலைகீழாய்க் கொட்டுகையில்
பக்கத்தில் நின்று
எனக்கு மட்டும் கேட்கச் சிரித்தாள்.

போன வருசம் ஒரு ஞாயிறு
மகளின் லப்டொப்பில் வேறெதையோ தேட
அது வந்து விழுந்தது.
கதவு, வளையல், செம்பு.
கண்ணை மூடிப் பார்த்தேன், அதேதான்.
திறந்தால்
மெலிந்த, எனக்குத் தெரியாத ஒருத்தி.
அவள் சிரிக்கவேயில்லை.
முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிறாள்.
மதில்தான் அதைச் சிரிப்பாக்கி
இந்தப் பக்கம் தந்திருக்கிறது.

நிறுத்திவிட்டேன்.
மிச்சத்தை இன்னும் பார்க்கவில்லை.

நிஃப்ராஸ் தலையைச் சொறிந்தான்.
"ஆனா மிஸ், நீங்க கேட்ட படம்
அப்படி ஒண்டு இல்லையே."
இல்லைத்தான். அதை முதலாவதாய்ப் போடு.
"பேரு?"
மெஷின் நின்றது.
ரியூப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்தோம்.
மேலே மஞ்சள் தெளிவு,
அடியில் சிவப்பு.

பின்னேரம், கோட்டைப் பக்கம், பஸ்ஸுக்கு நடக்கிறேன்.
சுவரில் புதுப்படப் போஸ்டர்.
புள்ளிமான் ஒன்று பசையோடு சேர்த்துக்
கதாநாயகனைத் தின்றுகொண்டிருந்தது.
தாடை முடிந்து
வாய் முடிந்து
கண்ணுக்கு வந்துவிட்டது.
நின்று பார்த்தேன்.
பஸ் போய்விட்டது.