அரை அங்குலம்

தேவனாம்பட்டினம் மணலில்
ஒன்றாகத்தான் ஓடினோம்.
மூச்சை இழுத்துப் பிடி என்று
நாடாவைச் சுற்றிய ஹவில்தார்
எனக்கு அரை அங்குலம் குறைகிறது என்றார்.
"ஐஸ் பார் தூக்குடா, நெஞ்சு விரியும்"
என்று சிரித்தான் கலியமூர்த்தி.

தூக்கினேன்.
முதுநகர் ஐஸ் கம்பெனியில்
இருபத்தாறு வருஷம்.

மலையிலிருந்து ஒரு கடிதம் போட்டிருந்தான்:
'உங்க முதலாளி காசுக்கு விக்கிறது
இங்க கால் வைக்க இடமில்லாம கெடக்கு.
ஒரு படகு நெத்திலி மட்டும் கொண்டா,
பணக்காரனாயிடலாம்.'

கடிதம் வந்தது வியாழக்கிழமை.
அவன் செவ்வாயே வந்துவிட்டான்.

காரைக்காலிலிருந்து அக்கா வர
ராத்திரி ஆகும் என்று
ரெண்டு பார் கேட்டு ஆள் வந்தது.
முதலாளி காசு வாங்கவில்லை.
உளியை எடுத்து
நான்தான் உடைத்தேன்,
மீனுக்கு உடைப்பதைவிடப் பொடியாக.
உமியைக் கழுவிவிட்டு.

பள்ளிக்கூடத்துப் பக்கம் அவனுக்கு ஒரு கல் இருக்கிறது.
ஆகஸ்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.
மற்ற நாளில் அதன்மேல் வலை காயும்.
நான் யாரையும் திட்டுவதில்லை.
அவன் வீட்டு வலையும் அங்கேதான்.

இப்போது என் சட்டை நாற்பத்திரண்டு.
மகள் கல்யாணத்துக்கு அளவெடுக்கப் போனால்,
நாடா மார்பைச் சுற்றியதுமே
தானாக மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன்.

"விடுங்க சார்" என்கிறார் டெய்லர்.
"விடுங்க."